எவ்வளவு முடித்தால் போதும்?

1990களின் நடுவில், கலிபோர்னியாவில், ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் சட்டைப்பையில் ஒரு மரக்கட்டையோடு திரிந்தார். தன் கேரேஜில் அவரே அறுத்தெடுத்த கட்டை. சட்டைப்பைக்குள் நுழைய வேண்டும், அதுதான் அளவு. சீன உணவகங்களில் சாப்பிடக் கொடுக்கும் குச்சி ஒன்றைச் சீவி எழுதுகோலாக்கிக்கொண்டார். கட்டையின் முகத்தில், திரையும் பொத்தான்களும் வரைந்த ஒரு காகிதம். யாராவது "புதன்கிழமை நேரம் இருக்குமா?" என்று கேட்டால் கட்டையை எடுப்பார்; குச்சியால் நாலு தட்டுத் தட்டுவார்; நாள்குறிப்பைப் பார்த்தவர்போல நிமிர்ந்து பதில் சொல்வார். சுற்றியிருந்தவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஹாக்கின்ஸுக்கு அது விளையாட்டில்லை. அவருடைய பாம் கம்ப்யூட்டிங் நிறுவனம் மென்பொருள் எழுதிக் கொடுத்த ஜூமர் என்ற கைக்கணினி 1993இல் வெளிவந்து படுதோல்வி அடைந்திருந்தது. அதே ஆண்டு வந்த ஆப்பிளின் நியூட்டனும் பையில் அடங்காத பருமன். அடுத்த கருவிக்குப் பணத்தைக் கொட்டும் முன் அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது: இப்படி ஒன்றை நாள் முழுக்க உடம்போடு வைத்துக்கொள்ள முடியுமா? வைத்துக்கொண்டால், எதற்காக அதை வெளியே எடுப்போம்? இந்த இரண்டு கேள்விக்கும் மின்சுற்று வேண்டாம். மரக்கட்டை போதும். கட்டையை அவர் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் நாள்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டியவை, சிறுகுறிப்பு என்று சில வேலைகளுக்குத்தான். 1996இல் 299 டாலர் விலையில் பைலட் என்ற பெயரில் கருவி வெளிவந்தபோது, அந்த நான்குக்கும் முகப்பிலேயே ஆளுக்கொரு பொத்தான் இருந்தது. மரக்கட்டை இன்று மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செயலி, இணையதளம், ஏடிஎம் திரை என்று மனிதர் தொட்டுப் புழங்கும் எதையும் வடிவமைக்கிறவர்கள் இப்படிப்பட்ட மாதிரிகளைச் செய்துகொண்டே இருப்பார்கள். துறைக்குள் 'புரோட்டோடைப்' என்பார்கள், தமிழில் முன்மாதிரி. நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்பே சாமி இல்லாமல் வீதியில் இழுத்துப் பார்ப்போம். சக்கரம் உருள்கிறதா, மூலையில் திரும்புகிறதா என்பதற்குத்தான் அந்த வெள்ளோட்டம். அலங்காரம் அன்றைக்கு முக்கியமில்லை.

வெள்ளோட்டத்தில் எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஒரு செயலி, நான்கு படிகள்

வடிவமைப்பாளர்கள் மாதிரிகளை 'லோ-ஃபை', 'ஹை-ஃபை' என்று பிரிப்பார்கள். ஹை-ஃபை என்ற சொல் பாட்டுப்பெட்டிக் காலத்திலிருந்து வருவது: மூலப்பாட்டு எப்படியோ அப்படியே கேட்க வைக்கும் பெட்டி. மாதிரியிலும் அதே பொருள்தான். இறுதிப் பொருளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அவ்வளவு ஹை-ஃபை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு சிறு ஊரின் கிளினிக்குக்கு, வீட்டிலிருந்தே டோக்கன் போடும் செயலி ஒன்றைச் செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி காகிதம். ஒவ்வொரு திரையையும் ஒரு தாளில் பேனாவால் கிறுக்குவது. பொத்தான் என்றால் ஒரு கட்டம், படம் என்றால் பெருக்கல் குறி போட்ட ஒரு சதுரம். ஒரு மதியத்தில் பத்துத் திரை வரைந்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் கசக்கிப் போட்டுவிட்டு வேறு வரையலாம்.

இரண்டாம் படி வயர்ஃப்ரேம். அதே திரைகளைக் கணினியில் கோடும் கட்டமுமாக ஒழுங்காக அடுக்குவது. நிறம் கிடையாது, சாம்பலும் வெள்ளையும்தான். எது பெரிதாக இருக்க வேண்டும், எது மேலே, எது கீழே, எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குப் போகிறோம் என்ற எலும்புக்கூடு இங்கே தெரியும்.

மூன்றாவது, தட்டினால் நகரும் மாதிரி. ஃபிக்மா போன்ற கருவிகளில் நிறம், எழுத்துரு, படக்குறி எல்லாம் சேர்த்து, பார்ப்பவர் உண்மைச் செயலி என்றே நம்பும்படி செய்வது. போனில் திறந்தால் திரை மாறும். ஆனால் பின்னால் ஒன்றுமே இருக்காது. படத்திலிருந்து படத்துக்குத் தாவல், அவ்வளவுதான். எந்தப் பெயரைத் தட்டச்சு செய்தாலும் அடுத்த திரையில் ஏற்கெனவே எழுதி வைத்த பெயர்தான் வரும்.

நான்காவது, ஓடும் மாதிரி. கொஞ்சம் நிரல் எழுதி, கொஞ்சம் உண்மைத் தரவு ஊற்றிச் செய்வது. டோக்கன் போட்டால் எண் ஏறும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்காது. ஐந்து பேர் உட்கார்ந்து சோதிக்கத் தாங்கும்.

இப்படி வரிசையாகச் சொன்னால், ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஏறிப் போகிற படிக்கட்டு போலத் தோன்றும். பயிற்சி வகுப்புகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் வேலை செய்யும்போது யாரும் ஒழுங்காகப் படியேறுவதில்லை. காரணத்தைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், எல்லோரும் அலட்சியமாக நினைக்கிற காகிதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காகிதத்தை எப்படிச் சோதிப்பது

கிறுக்கிய தாளை வைத்துக்கொண்டு பயனரிடம் என்ன கேட்பது? "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "நல்லாத்தான் இருக்கு" என்ற பதில்தான் வரும்.

சோதனைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் கணினியாக நடிப்பார்: பயனர் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டால், அவர் பேசாமல் அடுத்த தாளை எடுத்து வைப்பார். இன்னொருவர் பயனரோடு பேசுவார். மூன்றாமவர் குறிப்பெடுப்பார். பயனர் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும்: "உங்க பேரனுக்கு ராத்திரியில இருந்து காய்ச்சல். நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட காட்டணும். இதுல எப்படிச் செய்வீங்க?" வேலையைச் சொல்லும்போது திரையிலுள்ள சொற்களைச் சொல்லிவிடக் கூடாது. பொத்தானில் 'முன்பதிவு' என்று எழுதிவிட்டு, "முன்பதிவு பண்ணுங்க" என்று சொன்னால் அது சோதனையாகாது. சொல்லைத் தேடும் விளையாட்டாகிவிடும்.

பிறகு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இதுதான் கடினம். பயனர் தடுமாறும்போது கை தானாக நீளும். "அதில்லைங்க, இந்தப் பக்கம்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தானே அவரை அழைத்தோம்.

நம் கிளினிக் செயலியில், '10.30', '10.45', '11.00' என்று நேரங்களை அழகாகக் கட்டம் கட்டி வரைந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்த பெரியவர் அந்தக் கட்டங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "அதெல்லாம் சரி தம்பி. டாக்டர் வந்துட்டாரா? இப்ப எத்தனாவது டோக்கன் போகுது?" கேள்வி ஒன்றுதான். ஆனால் மொத்தச் செயலியும் தவறான கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது என்பது அதில் தெரிந்துவிடும். அவருக்கு வேண்டியது கடிகார நேரம் இல்லை. தனக்கு முன்னால் எத்தனை பேர் என்ற கணக்கு. இதைத் தெரிந்துகொள்ள ஆன செலவு நாலு தாள். மூன்று மாதம் நிரல் எழுதிய பிறகு தெரிந்திருந்தால்?

மார்க் ரெட்டிக் என்பவர் 1994இல் ஒரு கணினி இதழில் இந்தக் காகித முறையை விளக்கி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. 2003இல் கரோலின் ஸ்னைடர் இதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். "காகிதத்தில் கண்டுபிடிக்கும் கோளாறுகள் உண்மையானவைதானா?" என்ற சந்தேகமும் தொடக்கத்திலேயே எழுந்தது. 1996இல் ராபர்ட் வெர்சியும் சகாக்களும் ஒரே பொருளைக் காகித மாதிரியாகவும், ஏறக்குறைய முழுமையான மாதிரியாகவும் செய்து, இரண்டையும் வெவ்வேறு பயனர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே கோளாறுகள்தான் அகப்பட்டன.

திரைக்குப் பின்னால் ஓர் ஆள்

காகிதத்தால் சொல்ல முடியாத சிலவும் உண்டு. பேச்சைக் கேட்டு எழுதும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று வையுங்கள். இன்று போனில் அது சாதாரணம். 1980களின் தொடக்கத்தில் அப்படி ஒன்றைச் செய்ய யாராலும் முடியாது. செய்ய முடியாத ஒன்று மக்களுக்குப் பிடிக்குமா என்று எப்படிச் சோதிப்பது?

ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜான் கூல்டும் சகாக்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். பயனர் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து கடிதத்தை வாயால் சொல்வார். சொன்ன சொற்கள் எதிரே திரையில் வரும். உண்மையில் அடுத்த அறையில் ஒரு தட்டச்சாளர் அதைக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்கு ஆயிரம் சொல் மட்டும் தெரிந்தால் எப்படி இருக்கும், ஐயாயிரம் தெரிந்தால் எப்படி, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச வேண்டியிருந்தால் பொறுத்துக்கொள்வார்களா என்றெல்லாம் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். முடிவுகள் 1983இல் வெளிவந்தன. இயந்திரம் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தால் மனிதருக்குப் போதும் என்பதற்கு ஒரு கணக்குக் கிடைத்துவிட்டது.

திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்து மந்திரவாதியாக நடிக்கும் ஆள் ஒருவர் வரும் அமெரிக்கக் குழந்தைக் கதையின் பெயரால் இந்த உத்தியை 'விசார்ட் ஆஃப் ஆஸ்' என்கிறார்கள். இன்றைக்கு அரட்டைப் பெட்டி, குரல் உதவி போன்றவற்றை வடிவமைக்கிறவர்கள் இதை இன்னும் கையாளுகிறார்கள். நம் கிளினிக் செயலியில் "டாக்டர் கிளம்பிட்டார், நீங்க வரலாம்" என்று வாட்ஸாப்பில் சேதி அனுப்பும் வசதி வேண்டுமா என்று பார்க்க, சேவையகம் எதுவும் கட்ட வேண்டாம். வரவேற்பில் இருப்பவர் ஒரு வாரம் கையாலேயே அனுப்பட்டும். மக்கள் அதை நம்பிக் கிளம்பி வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, பிறகு நிரல் எழுதலாம்.

அதே கூல்ட், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார். வீரர்களுக்கு அவர்கள் ஊரிலிருந்து குடும்பத்தார் தொலைபேசியில் செய்தி விட்டுவைக்க, வீரர்கள் ஒலிம்பிக் கிராமத்திலுள்ள கூண்டுகளுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு. பன்னிரண்டு மொழிகள். போட்டி தொடங்கும் தேதி கல்லில் எழுதியது, தள்ளிப்போடவே முடியாது. அவர்கள் முதலில் செய்த மாதிரி வெறும் தட்டச்சுத் தாள்கள்: வீரர் என்ன அழுத்துவார், தொலைபேசி என்ன சொல்லும் என்று நாடக வசனம்போல எழுதியவை. அதைப் படித்தவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டு, பல வசதிகளைத் தொடக்கத்திலேயே மாற்றினார்கள். பயன்படுத்தும் முறையைச் சொல்லும் கையேட்டை முன்கூட்டியே எழுதிச் சோதித்தார்கள். கூண்டின் மாதிரி ஒன்றைத் தங்கள் ஆய்வுக்கூடத்தின் நடைபாதையிலேயே நிறுத்தி வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில், ஓடும் கருவியை முடிந்தால் உடையுங்கள் என்று ஆட்களை விட்டுச் சோதித்தார்கள். தாளில் தொடங்கி, நடைபாதை வழியாக ஒலிம்பிக் கிராமம் வரை, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்தின் கேள்விக்கு எது போதுமோ அதை மட்டுமே செய்தார்கள்.

அழகு எப்போது கெடுக்கும்

புதிதாகத் துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே மூன்றாம் படிக்குத் தாவுவார்கள். கருவிகள் அவ்வளவு எளிதாகிவிட்டன. கிறுக்குவதற்கு ஆகும் நேரத்திலேயே பளபளப்பான திரை ஒன்றைத் தயார்செய்யலாம். அப்புறம் கிறுக்குவானேன்?

இரண்டு காரணம். ஒன்று, எதிரே இருப்பவரின் பேச்சு மாறிவிடும். தாளில் கிறுக்கியதைக் காட்டினால், "இது எதுக்குங்க? இது வேணுமா?" என்று அடிமடியில் கை வைப்பார்கள். அதையே நிறமும் நிழலுமாகக் காட்டினால், "இந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று நிறத்தில் போய் நிற்பார்கள். முடிந்த பொருள்போலத் தெரிவதை அடியோடு மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதனால்தான் 2008இல் வந்த பால்சமிக் போன்ற கருவிகள், கணினியில் வரைந்தாலும் கையால் கிறுக்கியதுபோலவே கோடு வளைந்து தெரியும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டன.

இரண்டாவது காரணம் வடிவமைப்பவரின் மனம். இரண்டு வாரம் உட்கார்ந்து இழைத்ததைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்? பயனர் திணறினால், "அவருக்குப் பழக்கமில்லை" என்று பயனரையே குறை சொல்லத் தொடங்குவோம். பத்து நிமிடத்தில் கிறுக்கியதாக இருந்தால், "சரி, வேறு வரைவோம்" என்று முடிந்துவிடும்.

மலிவாகச் செய்வதால் இன்னொரு லாபம்: ஒன்றுக்கு மூன்றாகச் செய்யலாம். 2006இல் மரியம் தோஹிதி, பில் பக்ஸ்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வீட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திரைக்கு மூன்று விதமான காகித மாதிரிகள் செய்தார்கள். சிலருக்கு ஒன்றை மட்டும் காட்டினார்கள், சிலருக்கு மூன்றையும். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள். மூன்றையும் பார்த்தவர்கள் கறாராகக் குறை சொன்னார்கள். வீடு தேடி வந்து ஒரே ஒரு புடவையைக் காட்டினால் "நல்லாருக்கு" என்று சொல்லி அனுப்புவோம். கடையில் நாலு புடவையை விரித்துப் போட்டால்தான் நமக்கு எது பிடிக்காது என்பதே தெரியும்.

ஐந்து திருகுகள்

இனி, யாரும் ஒழுங்காகப் படியேறுவதில்லை என்று முன்பு சொன்னதற்கு வருவோம்.

2006இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த மைக்கேல் மெக்கர்டியும் சகாக்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். லோ-ஃபை, ஹை-ஃபை என்று ஒரே கோட்டில் மாதிரிகளை அடுக்குவதே பிழை. ஒரு மாதிரியில் ஐந்து விஷயங்கள் தனித்தனியாகக் கூடலாம், குறையலாம் என்றார்கள். பழைய வானொலியில் சத்தத்துக்கு ஒரு திருகு, அலைவரிசைக்கு ஒரு திருகு இருக்குமே, அதுபோல.

முதல் திருகு தோற்றம்: நிறம், எழுத்துரு, நேர்த்தி. இரண்டாவது அகலம்: செயலியின் எத்தனை வசதிகள் மாதிரியில் இருக்கின்றன. மூன்றாவது ஆழம்: ஒரு வசதி எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, டோக்கன் போடுவதோடு நிற்கிறதா, ரத்து செய்வது, பெயர் மாற்றுவது, டாக்டர் லீவு என்றால் என்ன ஆவது என்பதுவரை போகிறதா. நான்காவது அசைவு: தொட்டால், இழுத்தால், நகர்த்தினால் உண்மைச் செயலிபோல நடந்துகொள்கிறதா. ஐந்தாவது தரவு: உள்ளே இருக்கும் பெயர்களும் எண்களும் உண்மையானவையா, சும்மா இட்டு நிரப்பியவையா.

இப்படிப் பார்த்தால் காகிதமும் மரக்கட்டையும் வேறாகத் தெரியும். ஹாக்கின்ஸின் கட்டையில் தோற்றத் திருகு கிட்டத்தட்ட பூஜ்யம், அசைவு பூஜ்யம். ஆனால் கையில் கிடக்கும் அளவும், பையிலிருந்து எடுக்கும் வசதியும் அச்சு அசல். அந்தக் கட்டையால் சொல்ல முடியாத கேள்வி ஒன்றும் இருந்தது: எழுதுகோலால் எழுதும் எழுத்தைக் கருவி சரியாகப் படிக்க, மனிதர் தன் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதப் பழகுவாரா? அதற்கு மரம் உதவாது; ஓடும் மென்பொருள் வேண்டும். பாம் நிறுவனம் உருவாக்கிய கிராஃபிட்டி என்ற அந்த எழுத்து முறை, நியூட்டன் போன்ற பிறரின் கருவிகளில் ஓடும் மென்பொருளாக, பைலட்டுக்கு முன்பே 1994இல் விற்பனைக்கு வந்துவிட்டது. மக்கள் பழகினார்கள். ஒரே பொருளின் இரண்டு கேள்விகளுக்கு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களிலிருந்து விடை வந்தது.

நம் கிளினிக்குக்குத் திரும்புவோம். "வெயிலில் நின்றுகொண்டு பார்த்தால் டோக்கன் எண் தெரியுமா?" இதற்குத் தோற்றத் திருகை முழுதாக ஏற்ற வேண்டும், ஆனால் ஒரே ஒரு திரை போதும். அதையும் கணினியில் பார்க்காமல், சாதாரண விலைப் போன் ஒன்றில் போட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும். "கை நடுங்கும் பெரியவரால் தேதியை உருட்டித் தேர்ந்தெடுக்க முடியுமா?" அசைவுத் திருகு. நிறம் இல்லாமல் சாம்பல் கட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. உருள்வது மட்டும் நிஜமாக உருள வேண்டும். "வரவேற்பில் இருக்கிற பெண்ணால் எண்பது பேர் வரிசையைச் சமாளிக்க முடியுமா?" தரவுத் திருகு. ஒரு விரிதாளில் எண்பது பெயரை உள்ளிட்டு, "நடுவுல நாற்பத்தி ரெண்டாம் நம்பர்காரர் வரல, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் போதும்.

கேள்வி எந்தத் திருகில் இருக்கிறதோ, அதை மட்டும் ஏற்றுங்கள். மற்றதையெல்லாம் இறக்கி வையுங்கள். இறக்கி வைப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. எதிரே இருப்பவரின் கண் வேறு எங்கும் போகாமல் இருப்பதற்காக.

தமிழில் செய்யும்போது

ஐந்தில் மிக எளிதாக மறக்கப்படுவது தரவு. தமிழ்ச் செயலிகளில் இதன் விலை அதிகம்.

பெரும்பாலான திரைகள் முதலில் ஆங்கிலத்தில்தான் வரையப்படுகின்றன. தமிழ் கடைசியில் ஊற்றப்படுகிறது. 'சப்மிட்' என்ற ஆங்கிலச் சொல் ஆறெழுத்து. அந்தப் பொத்தானுக்குள் 'சமர்ப்பிக்கவும்' வந்து உட்கார வேண்டும். எழுத்தும் கூடுதல், எழுத்தின் அகலமும் கூடுதல். மேலே சுழியும் புள்ளியும், கீழே உகரத்தின் வாலும் உண்டு. வரிக்கு வரி இடைவெளி இறுக்கமாக இருந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும்.

இவை கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. தெரியாத ஒன்று இன்னும் மோசம். இடம் போதாதபோது செயலிகள் சொற்றொடரின் கடைசியை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியத்தின் வினை முதலில் வரும். வால் வெட்டுப்பட்டாலும் என்ன செய்யப் போகிறோம் என்பது தெரியும். தமிழில் வினை கடைசியில். 'முன்பதிவை மாற்று', 'முன்பதிவை ரத்து செய்' என்ற இரண்டு பொத்தான்களும் வெட்டுப்பட்டால் இரண்டிலும் மிஞ்சுவது 'முன்பதிவை…' மட்டும். எதைத் தொட்டால் டோக்கன் போகும், எதைத் தொட்டால் இருக்கும் என்பது குலுக்கல் சீட்டாகிவிடும்.

இடம் நிரப்ப வடிவமைப்பாளர்கள் போடும் 'லோரம் இப்சம்' என்ற இலத்தீன் உளறல் இதில் ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. பேனாவால் கிறுக்கும் முதல் தாளிலேயே உண்மைச் சொற்களைத் தமிழில் எழுதிவிட்டால் போதும். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பது கைக்கே தெரிந்துவிடும். பெயர்களையும் அப்படியே: 'ரவி' என்று மட்டும் போட்டுச் சோதிக்காமல், முதலெழுத்தோடும் அப்பா பெயரோடும் நீளும் பெயரைப் போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேரையும் வரிசையில் நிறுத்துங்கள். கிளினிக் வரவேற்பில் அன்றாடம் நடப்பது அதுதானே.

எத்தனை பேரிடம் காட்டுவது

நிறையப் பேர் வேண்டியதில்லை. பயன்பாட்டுச் சோதனையில் பெயர்பெற்ற யாக்கப் நீல்சன், ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று 2000இல் எழுதினார். முதல் ஆளிடமே பெருங்கோளாறுகள் தலைகாட்டிவிடும்; ஆள் கூடக்கூடப் புதிதாகத் தெரிவது குறைந்துகொண்டே போகும். பதினைந்து பேரிடம் ஒரே மாதிரியைக் காட்டுவதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, அடுத்த ஐந்து பேர், மறுபடி திருத்தி இன்னும் ஐந்து பேர் என்று போவது மேல் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். இந்தக் கணக்கை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்டு. பள்ளி மாணவர், முதியவர், மருத்துவமனை ஊழியர் என்று பயனர்கள் அடியோடு வேறுபட்டால், ஒவ்வொரு வகையிலும் சிலரையாவது பார்த்தாக வேண்டும்.

யாரிடம் காட்டுவது என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எளிதாகக் கிடைப்பார். ஆனால் அவர் டோக்கனுக்காக விடியற்காலையில் எழுந்துபோய்ச் செருப்பை வரிசையில் போட்டுவிட்டு வருகிறவர் இல்லை.

தூக்கிப் போடும் துணிவு

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தட்டினால் நகரும் மாதிரியை முதலாளியிடமோ வாடிக்கையாளரிடமோ காட்டும்போது, "அட, முடிஞ்சிருச்சே! அப்ப அடுத்த வாரம் விட்டுரலாமா?" என்ற கேள்வி வரலாம். பின்னால் ஒன்றுமே இல்லை என்பதை அவர் எப்படி அறிவார்? காட்டும் முன்பே சொல்லிவிடுவது நல்லது: இதில் என்ன நிஜம், என்ன பொம்மை, இன்று எதற்கு மட்டும் பதில் வேண்டும் என்று. அவசரத்துக்கு எழுதிய மாதிரி நிரலை அப்படியே இறுதிப் பொருளாக்கும் ஆசையும் வரும். சாரத்தையே வீடாக நினைத்துக் குடியேறுவதுபோல அது. மழை வந்தால் தெரியும்.

மாதிரி செய்யத் தொடங்கும் முன் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'இதைக் காட்டி நான் என்ன தெரிந்துகொள்ளப் போகிறேன்?' அந்த வரி எழுத வரவில்லை என்றால், கணினியைத் திறக்கும் வேளை இன்னும் வரவில்லை. வந்துவிட்டால், எவ்வளவு முடித்தால் போதும் என்பதை அந்த வரியே சொல்லும். சில நாள் பேனாவும் தாளும் என்று சொல்லும். சில நாள், வெயிலில் நின்று பார்க்க ஒரே ஒரு பளபளப்பான திரை என்று சொல்லும். விடை கிடைத்ததும் அந்த மாதிரியின் வேலை முடிந்தது. குப்பைக்கூடை பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த தாளை எடுங்கள். பெரியவர் இன்னும் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்.